சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ பயம்: எந்த வழி யாருக்குப் பலன் தரும்?

அமெரிக்கக் குடியுரிமை நேர்காணலுக்குத் தேதி குறித்து நோட்டீஸ் வந்ததும் தூக்கம் கெட்டுப்போகிறவர்களிடம் சுற்றியிருப்பவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "அதெல்லாம் ரொம்ப ஈசி, பயப்படாதீங்க." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அதைக் கேட்டு யாருக்கும் பயம் குறைந்து நான் பார்த்ததில்லை. வேலை விசாவில் பத்துப் பதினைந்து வருடம் ஓட்டி, வரிசையில் காத்திருந்து கிரீன் கார்டு வாங்கி, அதற்கப்புறமும் ஐந்து வருடம் பொறுத்து விண்ணப்பம் போட்டவருக்கு அந்த அரை மணி நேரம் சின்ன விஷயமாகத் தெரியாது. மகனோ மகளோ ஸ்பான்சர் செய்து அறுபது வயதை ஒட்டி இங்கே வந்த அம்மாவுக்கு, ஒரு அதிகாரி எதிரில் தனியாக உட்கார்ந்து ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டிய முதல் நாளாகவே அது இருக்கலாம். பயம் வருவது நியாயம்தான்.

அதைக் குறைக்க ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். ஆப்பில் கேள்விகளைப் படி, வகுப்புக்குப் போ, வீட்டில் ஒத்திகை பார், வக்கீலைக் கூட்டிக்கொண்டு போ, மூச்சுப் பயிற்சி செய், மாத்திரை போட்டுக்கொள், தேதியைத் தள்ளிப் போடு. எதைத் தேர்ந்தெடுப்பது என்று என்னிடம் கேட்டால், முதலில் உங்களுக்கு எதைக் கண்டு பயம் என்று பிரித்துப் பாருங்கள் என்பேன். சிவிக்ஸ், அதாவது அமெரிக்க வரலாறு, அரசாங்கம் பற்றிய கேள்விக்குப் பதில் மறந்துவிடுமோ என்பது ஒரு பயம். அதிகாரி பேசுவது புரியாமல் போகுமோ, பதில் தெரிந்தும் வாய் வராமல் போகுமோ என்பது வேறு. என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பத்தில் எழுதிய ஏதாவது ஒன்று அங்கே கிளறப்படுமோ என்பது இன்னொன்று. ஒன்றுக்கு உதவுவது மற்றதற்கு உதவாது. எத்தனை தடவை ஃப்ளாஷ் கார்டு புரட்டினாலும் படபடப்பு அப்படியே இருக்கிறது என்றால், உங்கள் பயம் அனேகமாகக் கேள்விகளைப் பற்றியதே இல்லை.

முதலில், எந்தப் பட்டியல்?

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இப்போது நிறையப் பேரின் பதற்றத்துக்கு இதுவே காரணம். என்-400 விண்ணப்பத்தை 2025 அக்டோபர் 20க்கு முன்னால் போட்டிருந்தால் உங்களுக்கு 2008ஆம் ஆண்டுத் தேர்வு: 100 கேள்விகள் கொண்ட பட்டியல், அதிலிருந்து 10 வரை கேட்பார்கள், 6 சரியாகச் சொல்ல வேண்டும். அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ போட்டிருந்தால் 2025ஆம் ஆண்டுத் தேர்வு: 128 கேள்விகள், 20 வரை கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். இன்டர்வியூ எப்போது என்பது கணக்கில்லை, விண்ணப்பம் எப்போது போட்டீர்கள் என்பதுதான் கணக்கு. தம்பிக்கு ஒரு பட்டியல், அண்ணனுக்கு வேறு பட்டியல் என்று ஒரே வீட்டில் இருக்கவும் வாய்ப்புண்டு. நண்பர் கொடுத்த பழைய புத்தகத்தையும், எப்போதோ போனில் இறக்கிய ஆப்பையும் நம்பிப் படித்துவிட்டுக் கடைசி வாரத்தில் "இந்தக் கேள்வி நான் பார்க்கவே இல்லையே" என்று அதிர்வதைவிட, குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ் தளத்துக்கே போய் உங்களுக்குரிய பட்டியலை எடுப்பது மேல். அது இலவசம்.

புதிய பட்டியல் பெரிதாகவும் கொஞ்சம் கடினமாகவும் இருப்பது உண்மை. அலெக்சாண்டர் ஹாமில்டன் எதற்குப் பெயர் பெற்றவர், அமெரிக்கா ஏன் வியட்நாம் போரில் இறங்கியது என்றெல்லாம் கேள்வி உண்டு. ஆனால் இரண்டிலும் தேர்ச்சி பெற 60 சதவீதம் சரியாக இருந்தால் போதும். புதிய தேர்வில் 8 தவறாகப் போனாலும் பாஸ் ஆகலாம், 12 சரியானதும் அதிகாரி நிறுத்திவிடுவார், 9 தவறானாலும் நிறுத்திவிடுவார். ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் விழித்ததும் "எல்லாம் போச்சு" என்று மனம் சரிகிறதே, அந்த இடத்தில் இந்தக் கணக்கு நினைவுக்கு வர வேண்டும். அடுத்த கேள்வி புதுக் கணக்கு.

குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், சபாநாயகர், உங்கள் மாநில ஆளுநர், செனட்டர் பெயர்களை நேர்காணலுக்கு முந்தைய நாள் ஒருமுறை சரிபார்க்க வேண்டும், அன்றைய தேதிக்கு யார் பதவியில் இருக்கிறாரோ அவரே பதில். மாநிலத் தலைநகரையும் பாருங்கள். டாலஸிலோ ஹூஸ்டனிலோ பல வருடம் இருந்தவருக்கும் பதற்றத்தில் ஆஸ்டின் என்று வராமல் போகும், சிகாகோக்காரருக்கு ஸ்பிரிங்ஃபீல்டு நழுவும்.

தனியாகப் படிப்பதா, வகுப்பா, ஒத்திகையா

தனியாகப் படிப்பதில் செலவில்லை, நேரம் உங்கள் கையில், சமைக்கும்போதும் காரில் போகும்போதும் ஒலிப்பதிவைக் கேட்கலாம். நம்மில் பெரும்பாலோருக்குப் பழக்கமான முறையும் இதுதான், மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள் நாம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கேள்வியையும் பதிலையும் சேர்த்துத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள், ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, வாசிப்பதை நிறுத்திவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தவர்களே முந்தினார்கள். நேர்காணலுக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை நினைவு. ஆகவே தனியாகப் படிக்கிறீர்கள் என்றால் பதிலை மூடிவிட்டு, வாய்விட்டு, ஆங்கிலத்தில் சொல்லுங்கள். மனதுக்குள் சொல்வது கணக்கில் வராது.

வகுப்பைப் பொறுத்தவரை, பொது நூலகங்களிலும் வயதுவந்தோர் பள்ளிகளிலும் சமூகக் கல்லூரிகளிலும் பல ஊர்களில் குடியுரிமை வகுப்பு நடக்கிறது, நிறைய இடங்களில் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ. வகுப்பின் பெரிய லாபம் பாடமே இல்லை என்று நினைக்கிறேன். எல் சல்வடாரிலிருந்து வந்தவர், வியட்நாமிலிருந்து வந்தவர், எத்தியோப்பியாவிலிருந்து வந்தவர் எல்லோரும் அதே பயத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், உங்களைவிடத் தடுமாறிப் பேசுகிறவர் அடுத்த மாதம் பாஸ் ஆகி இனிப்போடு வருவார். தனக்கு மட்டும்தான் இப்படி இருக்கிறது என்ற எண்ணம் போவதே பாதி நிம்மதி. வெளியில் வேலைக்குப் போகாமல், வீட்டிலும் கோவிலிலும் தமிழிலேயே பேசிப் பழகிய பெரியவர்களுக்கு வகுப்பைத்தான் முதலில் சொல்வேன், அங்கே அந்நியர் ஒருவரோடு ஆங்கிலத்தில் பேசிப் பழகலாம். ஆனால் வகுப்பு வாரக்கணக்கில் நடக்கும், இன்டர்வியூவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சேர்ந்து பெரிய பலனில்லை. கணினித் துறையில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் பேசுகிறவருக்கு அது தேவையும் இல்லை.

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் கைகாட்டுவது ஒத்திகை. அதுவும் சிவிக்ஸ் கேள்விகளை மட்டும் கேட்கும் ஒத்திகை இல்லை, என்-400 விண்ணப்பத்தை விரித்து வைத்துக்கொண்டு முழு நேர்காணலையும் நடத்திப் பார்க்கும் ஒத்திகை. காரணம் சொல்கிறேன். அந்த அறையில் சிவிக்ஸ் என்பது சில நிமிட வேலை. பெரும்பாலான நேரம் அதிகாரி உங்கள் விண்ணப்பத்தைத்தான் வரி வரியாகக் கேட்பார்: முகவரி, வேலை, வெளிநாட்டுப் பயணங்கள், திருமணம், குழந்தைகள், வரி, அதற்கப்புறம் "எப்போதாவது இப்படிச் செய்ததுண்டா" என்ற நீண்ட கேள்வி வரிசை. உங்களுக்கு ஆங்கிலம் பேசத் தெரியுமா என்பதையும் இந்த உரையாடலை வைத்தே முடிவு செய்கிறார்கள், பேச்சுக்கென்று தனியாக ஒரு தேர்வு கிடையாது. நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்கள்கூடச் சறுக்கும் இடம் இது. "பெர்செக்யூட்" என்றால் என்ன, "டோட்டலிடேரியன்" என்றால் என்ன என்று அதிகாரி பொருள் கேட்கலாம், அலுவலகத்தில் தினமும் பேசுகிற ஆங்கிலத்தில் இந்த வார்த்தைகள் வருவதே இல்லை. ஆமாம், இல்லை என்று வரிசையாகப் பதில் சொல்லிக்கொண்டே வரும்போது, "அமெரிக்க அரசியல் சாசனத்தை ஆதரிக்கிறீர்களா" என்ற இடத்தில் பழக்க வேகத்தில் "நோ" என்று சொல்லிவிட்டு வியர்த்துப் போகிறவர்கள் உண்டு. ஒத்திகையில் அது ஒருமுறை நடந்துவிட்டால் அங்கே நடக்காது.

ஒத்திகை யாரோடு என்பதும் முக்கியம். கணவனோ மனைவியோ கேட்டால் பாதியிலேயே சிரிப்பு வந்துவிடும், அல்லது சண்டை வந்துவிடும். பிள்ளைகள் கேட்டால் "அம்மா, அப்படி இல்லம்மா" என்று நடுநடுவே திருத்துவார்கள், பெரியவர்களின் தைரியம் அதிலேயே இறங்கிப்போகும். அடுத்த தெருவில் இருக்கும் நண்பர், பிள்ளையின் சக ஊழியர், முடிந்தால் அமெரிக்க உச்சரிப்பில் பேசுகிற ஒருவர் நல்லது. அவரிடம் மூன்று விஷயம் சொல்லி வையுங்கள்: திருத்த வேண்டாம், முகத்தில் எதையும் காட்ட வேண்டாம், ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் தட்டச்சு செய்யுங்கள். அந்தத் தட்டச்சு மௌனம்தான் நிஜ அறையில் மனதைப் பிசையும். அதிகாரி திரையைப் பார்த்து ஏதோ அடித்துக்கொண்டிருப்பார், நாம் "தப்பாகச் சொல்லிவிட்டோமோ" என்று நினைத்து, கேட்காத விளக்கமெல்லாம் கொடுக்க ஆரம்பிப்போம். அவர் பெரும்பாலும் உங்கள் பதிலைப் பதிவுதான் செய்கிறார். கேட்டதற்கு மட்டும் பதில், அப்புறம் அமைதி, இதை உடம்புக்குப் பழக்குவது ஒத்திகையால்தான் முடியும்.

இன்னொன்றையும் ஒத்திகையில் பழகுங்கள். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேட்கச் சொல்லலாம், வேறு வார்த்தைகளில் கேட்கச் சொல்லலாம். அது உங்கள் உரிமை. நம்மவர்கள் மரியாதைக் குறைவு என்று நினைத்தோ, ஆங்கிலம் தெரியாது என்று முடிவு கட்டிவிடுவார்களோ என்று பயந்தோ, புரியாத கேள்விக்கு "யெஸ்" சொல்லிவிடுகிறார்கள். அதுதான் ஆபத்து, ஏனென்றால் அங்கே நீங்கள் சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டுதான் பதில் சொல்கிறீர்கள். "ப்ளீஸ் ரிப்பீட் த கொஸ்டின்" என்ற ஒரே வாக்கியம் வாயில் தயாராக இருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

வாசிப்பும் எழுத்தும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வாக்கியத்தில் ஒன்றைச் சரியாக வாசித்தால் போதும், மூன்றில் ஒன்றைச் சரியாக எழுதினால் போதும், சின்ன எழுத்துப் பிழை பொருளைக் கெடுக்காவிட்டால் விட்டுவிடுவார்கள். எந்த வார்த்தைகள் வரும் என்ற பட்டியலும் அதே தளத்தில் இருக்கிறது. பல அலுவலகங்களில் டேப்லெட் திரையில் பேனா மாதிரி ஒரு குச்சியால் எழுத வேண்டியிருக்கும், பெரியவர்களுக்கு வீட்டில் ஐபேடில் ஒருமுறை எழுதிக் காட்டிவிடுங்கள்.

பெரியவர்களுக்கு: இப்போதே ஆங்கிலத்திலா, காத்திருந்து தமிழிலா

அம்மா அப்பாவுக்காக இதைப் படிக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். விண்ணப்பம் போடும்போது 50 வயது ஆகி, கிரீன் கார்டோடு 20 வருடம் வாழ்ந்திருந்தால், அல்லது 55 வயது ஆகி 15 வருடம் வாழ்ந்திருந்தால், ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தமிழிலேயே சிவிக்ஸ் பதில் சொல்லலாம். 65 வயது ஆகி 20 வருடம் ஆனவர்களுக்கு இன்னும் எளிது: 20 கேள்விகள் கொண்ட தனிப் பட்டியல், அதிலிருந்து 10 கேட்பார்கள், 6 சரியாக இருந்தால் போதும்.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நம் வீடுகளில் நிலவரம் வேறு. 62 வயது அம்மா, கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம்தான் ஆகிறது. அவருக்கு இந்த விலக்கு எதுவும் கிடையாது. தமிழில் தேர்வு வேண்டுமென்றால் இன்னும் பத்து வருடம் பொறுக்க வேண்டும், அப்போது 72 வயது. "பரவாயில்லை, கிரீன் கார்டே இருக்கட்டுமே" என்று பல குடும்பங்கள் முடிவெடுக்கின்றன, பயத்துக்கு முன்னால் அது எளிதான வழியாகத் தெரிகிறது. ஆனால் கிரீன் கார்டோடு இருப்பவர் ஊரில் நீண்ட நாள் தங்க முடியாது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சியாக இங்கே வசித்தீர்களா என்ற கேள்வி எழும், வருடம் தாண்டினால் கிரீன் கார்டுக்கே சிக்கல். தங்கைக்கு உடம்பு சரியில்லை, ஊர் வீட்டைப் பார்க்க வேண்டும், குலதெய்வம் கோவில் கும்பாபிஷேகம் என்று எதற்குப் போனாலும் நாட்களை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். குடியுரிமை வாங்கி, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டையும் எடுத்துவிட்டால் மதுரையில் எட்டு மாதம் இருந்துவிட்டு நிம்மதியாகத் திரும்பலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே, உடல்நிலையும் ஞாபகசக்தியும் ஒத்துழைக்கிறது என்றால், பத்து வருடம் காத்திருப்பதைவிட இப்போதே எளிய ஆங்கிலம் கற்றுக்கொண்டு எழுதுவது நல்லது என்பது என் கருத்து. தேர்வு எதிர்பார்ப்பது பிழையில்லாத இலக்கணத்தை இல்லை. உச்சரிப்பு நம் ஊர் வாடையோடு இருக்கலாம், வாக்கியம் முறியலாம், கேட்டது புரிந்து பதில் புரியும்படி வந்தால் சரி.

மாறாக 50/20 அல்லது 55/15 விலக்குக்கு ஓரிரு வருடம்தான் பாக்கி, ஆங்கிலம் என்றாலே நடுங்குகிறார் என்றால் காத்திருப்பது தப்பே இல்லை. விலக்கு கிடைக்கிறவர்களுக்கு மொழிபெயர்ப்பாளரை நாம்தான் அழைத்துப் போக வேண்டியிருக்கும். வீட்டு ஆளைவிட வெளி ஆள் நல்லது, சரியாக மொழிபெயர்க்கிறாரா என்று அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் அந்த ஆளை மறுக்கலாம். உங்கள் வக்கீலே மொழிபெயர்ப்பாளராகவும் இருக்க முடியாது. அம்மாவுக்கு அவர் பேசுகிற தமிழ் பழக்கமாக இருக்கிறதா என்று முன்னாலேயே ஒரு தடவை பேசவிட்டுப் பாருங்கள். சென்னைக்காரர் மொழிபெயர்ப்பது யாழ்ப்பாணத்து அம்மாவுக்குச் சட்டென்று பிடிபடாமல் போகலாம்.

மறதி நோய், பக்கவாதம் போன்றவற்றால் கற்றுக்கொள்ளவே முடியாத நிலை என்றால் என்-648 என்ற படிவத்தை மருத்துவர் நிரப்பித் தரும் வழி இருக்கிறது. வயதாகிவிட்டது, பள்ளிக்குப் போனதில்லை என்பது மட்டுமே அதற்குக் காரணமாகாது.

பயம் ஃபைலைப் பற்றியது என்றால்

என்றோ ஒரு கைது, தள்ளுபடியான வழக்கானாலும் சரி. ஆறு மாதம் தாண்டிய ஊர்ப் பயணம். கட்டாமல் விட்ட வரி. விவாகரத்து, மறுமணம். இதில் ஏதாவது உங்கள் வாழ்க்கையில் இருந்து அதை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை என்றால், மூச்சுப் பயிற்சியும் ஃப்ளாஷ் கார்டும் உதவாது. குடிவரவு வக்கீலிடம் ஒரு மணி நேர ஆலோசனைக்குக் கொடுக்கும் பணம் இங்கேதான் முழுப் பயன் தரும். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே போவது சிறந்தது, போட்ட பிறகு என்றாலும் போங்கள். தேவைப்பட்டால் அவர் நேர்காணலுக்குக் கூடவே வரலாம், உங்களுக்குப் பதிலாகப் பதில் சொல்ல மாட்டார், ஆனால் பக்கத்தில் இருப்பார். எந்தச் சிக்கலும் இல்லாத விண்ணப்பத்துக்கு வெறும் தைரியத்துக்காக வக்கீலைக் கூட்டிப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை, அந்தக் காசில் எவ்வளவோ செய்யலாம்.

ஈழத்திலிருந்து அகதியாக வந்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி நின்று வளர்ந்த ஒருவருக்கு, அதிகாரி முன்னால் உட்கார்ந்து சத்தியம் செய்துவிட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது பரீட்சை மாதிரி இருக்காது. உடம்பு பழையதை நினைத்துக்கொள்ளும். அதுவும் இல்லாமல், ஏதாவது அமைப்பில் இருந்தீர்களா, ஆயுதப் பயிற்சி பெற்றீர்களா என்ற கேள்விகள் என்-400 படிவத்திலேயே இருக்கின்றன, பல வருடம் முன்னால் தஞ்சம் கேட்டபோது சொன்னதெல்லாம் அவர்கள் கோப்பில் இருக்கும். இங்கே தனியாகப் படிப்பது, வகுப்பு, ஒத்திகை எல்லாமே வக்கீலுக்கு அடுத்துத்தான். பழைய வாக்குமூலத்தின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். வாசிக்கவே மனம் நடுங்குகிறது என்றால், அதற்கு மனநல ஆலோசகர் உதவியும் எடுத்துக்கொள்ள வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இன்னொரு வகைக் கலக்கமும் உண்டு, அதை யாரும் பயம் என்று சொல்வதில்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை, அமெரிக்கக் குடிமகனாக ஆனதும் இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும். ஓசிஐ அட்டை இருந்தால் போய் வரலாம், தங்கலாம், ஆனால் ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. இலங்கையர்கள் விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமை பெறலாம் என்பதால் அவர்கள் கணக்கு கொஞ்சம் வேறு. இந்த முடிவை மனம் இன்னும் ஏற்கவில்லை என்றால் அது இன்டர்வியூ படபடப்பு மாதிரியே வெளியே தெரியும்: தூக்கம் வராது, படிக்க உட்கார்ந்தால் எரிச்சல் வரும். அப்படி இருந்தால் கேள்விப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, வீட்டில் மனம்விட்டுப் பேசுங்கள். அப்பாவிடமும் பேசுங்கள். ஊரில் நிலம், சொத்து விஷயம் இருந்தால் அதையும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

அன்றைய காலைக்கு: மூச்சு, காகிதம், மாத்திரை

தயாரிப்பு எல்லாம் முடிந்தும் காத்திருப்பு அறையில் நெஞ்சு அடிக்கத்தான் செய்யும். அப்போதைக்கு உதவுபவை தனி. மூக்கால் இழுத்து, மேலே இன்னும் கொஞ்சம் இழுத்து, வாயால் நீளமாக விடுவது சுலபமான ஒன்று, யாருக்கும் தெரியாமல் செய்யலாம். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு தணியும். பிராணாயாமம் பழகியவர்கள் அதையே செய்யலாம், ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஆரம்பிக்காதீர்கள்.

காகிதத்தில் எழுதுவதை நம்மில் யாரும் செய்வதில்லை, ஆனால் செய்து பார்க்கத் தகுந்தது. தேர்வுக்குச் சற்று முன்னால் பத்து நிமிடம் தங்கள் கவலைகளை எழுதிய மாணவர்கள் மேலும் நன்றாகத் தேர்வு எழுதியதாக ரமீரஸ், பைலாக் ஆகியோரின் ஆய்வு 2011இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. காரிலேயே உட்கார்ந்து தமிழில் எழுதுங்கள், என்னவெல்லாம் தப்பாகப் போகலாம் என்று மனம் சொல்கிறதோ அத்தனையும். எழுதிவிட்டுக் காரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். "அமைதியாக இரு, அமைதியாக இரு" என்று தனக்குத்தானே கட்டளை போடுவது அவ்வளவாக உதவாது. அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஹார்வர்டு ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட சோதனைகளில், "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் பேச்சிலும் கணக்கிலும் நன்றாகச் செய்தார்கள். அடிக்கிற இதயத்தை அடக்குவதைவிட, இத்தனை வருடம் காத்திருந்த நாள் வந்துவிட்டது, அதற்குத்தான் அடிக்கிறது என்று நினைப்பது சுலபம்.

சாமி கும்பிடுகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போங்கள், அந்தப் பழக்கம் தரும் நிதானத்தை வேறெதுவும் தராது. காபியை வழக்கமான அளவோடு நிறுத்துங்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் முக்கியமாக.

மாத்திரை விஷயத்தில் என் கருத்து கடுமையானது. மேடைப் பயத்துக்கு ப்ரொப்ரனலால் எடுப்பவர்கள் உண்டு, கை நடுக்கத்தையும் துடிப்பையும் அது குறைக்கும். ஆனால் ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஆபத்து, சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை இறங்குவதன் அறிகுறியை மறைத்துவிடலாம், இரத்த அழுத்தம் குறைவாக இருப்பவர்களுக்கும் ஆகாது. உங்கள் டாக்டர் உங்களைப் பார்த்து எழுதிக் கொடுத்து, ஒரு சாதாரண நாளில் போட்டுப் பார்த்தும் பழகியிருந்தால் சரி. ஊரிலிருந்து வந்தவர் பையில் இருந்தது, நண்பர் கொடுத்தது என்றால் வேண்டவே வேண்டாம். அல்ப்ரஸலாம் வகை மாத்திரைகள் தூக்கத்தையும் மந்தத்தையும் தரும், நினைவையும் குழப்பும். நினைவைச் சோதிக்கும் இடத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போவதில் அர்த்தமே இல்லை. ஏற்கெனவே பதற்ற நோய்க்குத் தினசரி மருந்து எடுப்பவர்கள் அதை அன்றைக்கு நிறுத்தவும் கூடாது.

தள்ளிப் போடுவதா, போய்ப் பார்த்துவிடுவதா

உடம்பு சரியில்லை, வீட்டில் துக்கம் என்றால் தேதியை மாற்றக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பயத்துக்காக மட்டும் மாற்றாதீர்கள். புதிய தேதி எப்போது வரும் என்று உங்கள் கையில் இல்லை, அதுவரை அதே பயத்தோடு வாழ வேண்டியிருக்கும். சொல்லாமல் போகாமலேயே இருந்துவிடுவது இன்னும் மோசம், விண்ணப்பத்தை மூடி வைத்துவிடுவார்கள், அதைத் திறக்கச் சொல்லி ஒரு வருடத்துக்குள் எழுதிக் கேட்க வேண்டும், இல்லையென்றால் கட்டிய பணமும் போகும்.

அரைகுறைத் தயாரிப்போடு போவதற்குக்கூட ஒரு பாதுகாப்பு இருக்கிறது, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதல் முறை ஆங்கிலத்திலோ சிவிக்ஸிலோ தவறினால் அதோடு முடிந்துவிடாது, அதே விண்ணப்பத்தில், மறுபடி பணம் கட்டாமல், 60 முதல் 90 நாளுக்குள் இன்னொரு முறை அழைப்பார்கள். எதில் தவறினீர்களோ அதை மட்டும்தான் சோதிப்பார்கள். நேர்காணல் முடிவில் கையில் தரும் என்-652 தாளில் "இன்னும் முடிவு செய்ய முடியவில்லை" என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தாலும் மறுத்துவிட்டார்கள் என்று பொருள் இல்லை, கூடுதல் ஆவணம் கேட்டிருக்கலாம், மேலதிகாரி பார்க்க வேண்டியிருக்கலாம். இரண்டாவது முறையும் தவறி விண்ணப்பம் மறுக்கப்பட்டால்கூட, 30 நாளுக்குள் என்-336 போட்டு மறுவிசாரணை கேட்கலாம், அல்லது நன்றாகத் தயாராகிப் புதிதாக விண்ணப்பிக்கலாம். மொழியிலோ சிவிக்ஸிலோ தவறியதற்காக மட்டும் யாருடைய கிரீன் கார்டும் பறிபோவதில்லை. அம்மாவிடம் இதை நேர்காணலுக்கு முந்தைய இரவு இல்லாமல், படிக்க ஆரம்பிக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.